எல்லாச் சொல்லுக்கும் சிவப்புக் கோடு: டெஸ்க்டாப் செயலியில் தமிழ்ப் பிழைதிருத்தி சேர்த்தபின் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஒரு சின்ன அச்சகத்தின் மெய்ப்புத் திருத்தும் மேசைக்காகச் செய்த எடிட்டரில்தான் முதன்முதலாகத் தமிழ்ப் பிழைதிருத்தியைப் பொருத்தினேன். பைத்தான் மொழி, திரையைக் கட்டும் க்யூட்டி, எழுத்துப்பிழை பார்க்கும் ஹன்ஸ்பெல் லைப்ரரி இந்த மூன்றும் சேர்ந்தது. ஆங்கிலம் அரை நாளில் ஓடிவிட்டது. தமிழ் சரியாக வர மாதங்கள் ஆயின. அப்புறம் வேறு இரண்டு செயலிகளில் சேர்த்தபோதும் அதே கோளாறுகள்தான் வந்தன.

"அகராதி சரியில்லை" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. பெரும்பாலும் பழி அகராதிமேல் இல்லை. சொல்லை எங்கே வெட்டினோம், எந்த பைட்டுகளாக அனுப்பினோம் என்பதில்தான் பிசகு இருக்கும். ஒரு பொய்க் கோட்டையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். சரியான சொல்லுக்குக் கீழே பத்துத் தடவை சிவப்பைப் பார்த்த ஒருவர், பதினோராவது கோடு உண்மையான பிழையைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

எதற்கும் முன் ஒரு சோதனை

கோடு விழுந்த சொற்களில் இருபதை எடுத்து, வரிக்கு ஒன்றாக ஒரு உரைக் கோப்பில் யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். செயலியை மூடிவிட்டு, டெர்மினலில் ஹன்ஸ்பெல் கட்டளையை அதே அகராதியோடு அந்தக் கோப்பின்மேல் ஓட்டுங்கள். சிறிய எல் கொடி (கட்டளையோடு சேர்க்கும் -l) தவறான சொற்களை மட்டும் பட்டியலிடும். ஒன்று என்ற எண் கொடியையும் (-1) சேர்த்தால் வரியில் முதல் டேப் வரையுள்ள பகுதியை வெட்டாமல் முழுச் சொல்லாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் சொல்லைக் கருப்புத் திரையில் நேராகத் தட்டாதீர்கள், அங்கே தமிழ் உடைந்துபோகலாம். கோப்பாகவே கொடுங்கள்.

டெர்மினலில் சரி, செயலியில் தவறு என்றால் கோளாறு உங்கள் நிரலில். இரண்டிலும் தவறு என்றால் அகராதியிலோ உரையிலோ இருக்கிறது. இந்த ஒரு கிளை பிரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அறிகுறி: எல்லாச் சொல்லுக்கும் கோடு விழுகிறது

*அகராதி திறக்கவே இல்லை.* இதுதான் எளிய காரணம், அடிக்கடி வருவதும் இதுதான். பாதை தவறாக இருந்தால் ஹன்ஸ்பெல் லைப்ரரி சத்தம் போடாது. காலி அகராதியோடு எழுந்து நிற்கும், கேட்ட சொல்லையெல்லாம் தவறு என்று சொல்லும். அதனால் லைப்ரரியைக் கூப்பிடும் முன்பே விதிகள் உள்ள அஃப் கோப்பு (.aff), சொற்பட்டியல் உள்ள டிக் கோப்பு (.dic) இரண்டும் அந்த இடத்தில் இருக்கின்றனவா என்று உங்கள் நிரலே பார்க்கட்டும். லினக்ஸில் ஹன்ஸ்பெல் கட்டளைக்குப் பெரிய டி கொடி கொடுத்தால் எந்தெந்த ஃபோல்டரில் தேடுகிறது, எந்த அகராதிகள் கிடைத்தன என்று காட்டும். என்சான்ட் என்ற இடைநிலை லைப்ரரி வழியாகப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அகராதி இல்லையென்றால் அதன் பைத்தான் வடிவமான பைஎன்சான்ட் பிழையை வெளிப்படையாக எறிந்துவிடும்.

*டிக் கோப்பின் முதல் வரி.* அங்கே சொற்களின் தோராய எண்ணிக்கை இருக்க வேண்டும். சொற்களை அகர வரிசைப்படுத்தும்போது அந்த எண் வேறெங்கோ போய்விடுவது உண்டு. முதல் வரியில் எண் இல்லையென்றால் கோப்பு ஏறாது.

*என்கோடிங்.* அஃப் கோப்பில் செட் என்று தொடங்கும் வரி யூடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் ஹன்ஸ்பெல் அதை மேற்கு ஐரோப்பிய ஐஎஸ்ஓ 8859-1 என்று எடுத்துக்கொள்ளும். அந்த வரி சரியாக இருந்தால், செயலி அனுப்பும் பைட்டைப் பாருங்கள். க்யூட்டியில் சி++ எழுதுகிறவர்கள் டூ-லோக்கல்8பிட் என்று பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார்கள். லினக்ஸில் அது யூடிஎஃப்-8 ஆகவே வரும், எல்லாம் சரியாகத் தெரியும். விண்டோஸில் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறிப் போகும். டூ-யூடிஎஃப்8 என்று மாற்றினால் தீர்ந்தது.

*உரையே யூனிகோடு இல்லை.* அச்சகம், பழைய அலுவலகக் கோப்பு என்றால் இதை முதலிலேயே பாருங்கள். அந்தப் பத்தியின் எழுத்துருவை வேறொன்றாக மாற்றுங்கள். தமிழ் மறைந்து ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்தால் அது பாமினி, டேப் போன்ற பழைய குறியாக்கம். பிழைதிருத்திக்கு அங்கே வேலையே இல்லை. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

அறிகுறி: சொல்லின் துண்டுகளுக்குக் கோடு

"தமிழ்" என்ற சொல்லில் முதல் இரண்டு எழுத்துக்குத் தனியாக, கடைசி எழுத்துக்குத் தனியாகக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம், சொல்லைப் பிரிக்கும் ரீஜெக்ஸ், அதாவது எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் வார்ப்பு, அதுதான் காரணம். பைத்தானோடு வரும் ரீஜெக்ஸில் "சொல் எழுத்து" என்பதற்குப் போடும் பின்சாய்வு-டபிள்யூ, எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே பிடிக்கும். புள்ளியும், கால், கொம்பு, சுழி போன்ற உயிர்க்குறிகளும் யூனிகோடில் "எழுத்து" வகையில் இல்லை, "குறி" வகையில் இருக்கின்றன. அதனால் "தமிழ்" என்று கொடுத்தால் "தம", "ழ" என்று இரண்டு சொல் வரும். "மரம்" புள்ளியை இழந்து "மரம" ஆகும். "கடை" வெறும் "கட" ஆகும். பாவம் அகராதி, அதனிடம் இல்லாத சொல்லைத்தான் கேட்கிறோம்.

எளிய தீர்வு: தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கிய 128 இடங்களையும் ஒரே வரம்பாக எழுதி, அதோடு இணைப்பான் (ZWJ), இணைப்புத் தடுப்பான் (ZWNJ) என்ற கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகளையும் சேர்த்துவிடுங்கள். இன்னும் நல்ல தீர்வு: ரீஜெக்ஸையே விட்டுவிட்டு க்யூட்டியின் டெக்ஸ்ட் பவுண்டரி ஃபைண்டரைச் சொல் முறையில் பயன்படுத்துங்கள். யூனிகோடின் சொல் எல்லை விதிகளை அது பின்பற்றும், குறிகளை எழுத்திலிருந்து பிரிக்காது. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் இன்டில் செக்மென்டர் இருக்கிறது.

அறிகுறி: ஆங்கிலத்துக்குக் கோடு வருகிறது, தமிழுக்கு ஒன்றுமே இல்லை

இதுவும் அதே ரீஜெக்ஸின் இன்னொரு முகம். ஜாவாஸ்கிரிப்டில் பின்சாய்வு-டபிள்யூ ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டும் பிடிக்கும். தமிழ்ச் சொல் அதன் கண்ணில் படாது, படாத சொல்லுக்குக் கோடும் வராது. பைத்தானில் இரண்டு எழுத்துக்குக் குறைவானதை விட்டுவிடு என்று நிபந்தனை போட்டிருந்தால், "ழ" மாதிரித் துண்டுகள் சத்தமில்லாமல் தப்பிவிடும். எந்தச் சொற்கள் அகராதிக்குப் போகின்றன என்று ஒரு பத்திக்கு மட்டும் அச்சிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அறிகுறி: கண்ணுக்குச் சரியாக இருக்கும் சொல்லுக்குக் கோடு

என் நேரத்தை மிக அதிகமாகத் தின்றது இதுதான். திரையில் பார்த்தால் பிழையே இருக்காது. அச்சிட்டுப் பார்த்தாலும் இருக்காது. சொல்லை யூனிகோடு எண்களாகப் பிரித்துக் காட்டும் ஒரு சின்னக் கருவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இங்கே ஒரு அடிகூட நகர முடியாது. நான் எடிட்டரின் கீழ்ப்பட்டையிலேயே அதைப் பொருத்திவிட்டேன்.

முதலில் பார்க்க வேண்டியது மறைந்திருக்கும் குறிகள். வலைப்பக்கத்திலிருந்தும் பிடிஎஃப்பிலிருந்தும் ஒட்டிய உரையில் இணைப்புத் தடுப்பானும் மென் இணைகோடும் ஒளிந்திருக்கும். சோதிக்கும் முன் நீக்கிவிடுங்கள், ஆனால் மூல உரையைத் தொடாதீர்கள். அஃப் கோப்பில் இக்னோர் வரியில் அவற்றைச் சேர்த்தாலும் போதும்.

அடுத்தது ஒகர, ஓகாரம். "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் எழுதலாம். யூனிகோடுக்கு இரண்டும் சமம், ஹன்ஸ்பெல்லுக்குச் சமம் இல்லை. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை ஓட்டினால் ஒன்றாகிவிடும். அகராதிக்கும் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

சரி, இனி வருவதை என்எஃப்சி தீர்க்காது. ரகரத்துக்குப் பதில் கால். பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றிய உரையில் "அவர்" என்பது "அவா்" என்று இருக்கும், "தெரியும்" என்பது "தொியும்" என்று இருக்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விதி நேரானதுதான்: காலுக்குப் பின்னால் புள்ளியோ, இகரக் குறியோ, ஈகாரக் குறியோ தமிழில் வரவே முடியாது. வந்தால் அந்தக் கால் ஒரு ரகரம். ஆனால் வரிசை முக்கியம். "தொியும்" என்ற உரையில் ஒற்றைக்கொம்பு, கால், இகரக்குறி என்று அடுத்தடுத்து நிற்கும். என்எஃப்சியை முதலில் ஓட்டினால் கொம்பும் காலும் ஒட்டி ஒகரக் குறியாகிவிடும், பிறகு உங்கள் ரகர விதி தேடும் கால் அங்கே இருக்காது. எனவே ரகரத்தை முதலில் திருத்துங்கள், இயல்பாக்கத்தைப் பிறகு ஓட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டிப்போன உரை வந்தால் ஒகரக் குறியும் இகரக் குறியும் சேர்ந்து வருவதையும் பிடிக்க வேண்டும்.

ஔகாரம் இன்னும் நுட்பம். "கௌரவம்" என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக "கெளரவம்" என்று தட்டுபவர்கள் நிறையப் பேர். இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது, "தெளிவு", "வெள்ளம்" எல்லாம் கெட்டுவிடும். ளகரத்துக்குப் பின்னால் எந்தக் குறியும் இல்லாதபோது மட்டும் ஔகாரமாக மாற்றிப் பாருங்கள். அகராதி அதை ஏற்றால் பரிந்துரையாகக் காட்டுங்கள், தானாக மாற்றாதீர்கள். பேச்சுத் தமிழில் "வெளக்கு" என்று ஒரு கதாபாத்திரம் சொல்லலாம் இல்லையா.

"ஸ்ரீ"யையும் இரண்டு விதமாகத் தட்டலாம், ஸகரத்தில் தொடங்கி ஒன்று, ஶகரத்தில் தொடங்கி ஒன்று. பார்வைக்கு வேறுபாடு இருக்காது. இரண்டையும் அகராதியில் போட்டுவிடுவது மலிவான வழி.

அறிகுறி: "மரம்" சரி, "மரத்தைப்" தவறு என்கிறது

டெர்மினலிலும் இதே முடிவு வந்தால், இங்கேதான் உண்மையில் அகராதியின் பக்கம் திரும்ப வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது.

*ஒற்று.* "மரத்தைப் பார்த்தான்", "கதவைத் திற", "பாடலைக் கேட்டேன்", "அதைச் சொன்னேன்". சொல்லின் இறுதியில் நிற்கும் வல்லின மெய் அடுத்த சொல்லால் வந்தது, அகராதியில் அது இருக்காது. சொல் க், ச், த், ப் என்று முடிந்து, அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால், அந்த மெய்யை நீக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். நான் பொருத்திய செயலிகளில் பொய்க் கோடுகளை அதிகமாகக் குறைத்தது இந்தச் சில வரி நிரல்தான். கூடவே ஒரு லாபமும் உண்டு. "மரத்தைப் வெட்டினான்" என்று யாராவது தட்டினால் அடுத்த எழுத்து ஒத்துப்போகாது, கோடு நிற்கும், அது நிற்கவும் வேண்டும். பத்தியைச் சொற்பட்டியலாக மட்டும் பிரித்து அனுப்பும் செயலிக்கு இது முடியாது. அடுத்த சொல்லும் அதன் கையில் இருக்க வேண்டும்.

*விகுதி விதிகள்.* எட்டு வேற்றுமை, ஒருமை பன்மை, மேலே உம், ஏ, ஓ, ஆ, தான். ஒரு பெயர்ச்சொல்லே எளிதாக நூறு வடிவத்தைத் தொடும். அத்தனையையும் டிக் கோப்பில் கொட்டினால் கோப்பு ஊதிப்போகும், பரிந்துரையும் மந்தமாகும். அஃப் கோப்பில் விதியாக எழுதுங்கள்: இறுதி "ம்" என்பதை எடு, "த்தை" சேர். "கால்" மாதிரிச் சொல்லுக்குப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு ஐகாரக் குறியைச் சேர். அந்த வரியில் குறி தனியாக நிற்பதால் எடிட்டர் புள்ளிவட்டம் ஒன்றைக் காட்டும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். "கண்" போன்ற குற்றெழுத்துச் சொல்லுக்கு மெய் இரட்டிக்கும் விதி தனி.

ஹன்ஸ்பெல் விகுதிமேல் விகுதியாக இரண்டு படிவரைதான் பிரிக்கும். லாஸ்லோ நேமெத் அதை ஹங்கேரிய மொழிக்காக எழுதியதால் ஒட்டுமொழிகளுக்கு இந்த அளவாவது இடம் கிடைத்தது. "மரங்களிலிருந்தும்" என்பதில் நான்கு ஒட்டு. எனவே "ங்களிலிருந்து" என்பதை ஒரே விகுதியாகக் கட்டி, "உம்" என்பதை இரண்டாம் படியில் வையுங்கள்.

கூட்டுச்சொல் கொடியைப் போட்டு எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒட்ட விடும் ஆசை வரும். வேண்டாம். கோடுகள் குறையும், ஆனால் உண்மையான பிழைகளும் கூடவே மறைந்துபோகும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்.* பெயர்ச்சொற்கள் வரை நீங்களே எழுதிவிடலாம். வினைச்சொல்லில் காலம், இடம், எதிர்மறை, எச்சம், துணைவினை என்று கிளை விரியும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். "வந்துகொண்டிருக்கிறார்கள்" போன்றவற்றுக்கு விதிக்கு விதி விலக்கு எழுதிக்கொண்டு போனால், புது விதி பழைய விதியை உடைக்கத் தொடங்கும். கணினி மொழியியல் தெரிந்த ஒருவரின் வேலை இது. ஃபின்னிஷ் மொழிக்காரர்கள் இதே சிக்கலுக்காக வொய்க்கோ என்ற தனிக் கருவியையே செய்துகொண்டார்கள். தமிழிலும் ஓப்பன்-தமிழ் பைத்தான் தொகுப்பில் சொல்திருத்தி என்ற பகுதி இருக்கிறது, நீச்சல்காரனின் வாணி இருக்கிறது, உருபனியல் பகுப்புக்குத் தமிழிமார்ஃப் இருக்கிறது. புதிதாகத் தொடங்கும் முன் இவற்றைப் பார்த்துவிட்டு, உரிமங்களையும் படித்துவிட்டு, அப்புறம் அழையுங்கள்.

அறிகுறி: கோடு இடம் தள்ளி விழுகிறது

வரி நீள நீளக் கோடு வலப்பக்கம் ஓடினால் பைட்டை எண்ணுகிறீர்கள். யூடிஎஃப்-8 இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், "தமிழ்" ஐந்து குறி, 15 பைட். ஒரு ஈமோஜிக்குப் பிறகு மட்டும் ஓரிடம் தள்ளிப்போனால், பைத்தான் ஒன்றாக எண்ணுவதை க்யூட்டி யூடிஎஃப்-16 கணக்கில் இரண்டாக எண்ணுகிறது. இடக்கணக்கு முழுவதையும் க்யூட்டியின் கணக்கிலேயே வைத்துக்கொண்டால் போதும்.

அறிகுறி: தட்டும்போது எடிட்டர் திணறுகிறது

முதலில், கோடு போடும் இடத்தில் பரிந்துரை கேட்கிறீர்களா என்று பாருங்கள். சொல் சரியா என்று கேட்பது வேகமான வேலை. பரிந்துரை கேட்பது மெதுவானது, தேவைப்பட்டால் அகராதி முழுக்க ஒப்பிட்டுப் பார்க்கும். வலது கிளிக் வரும்போது மட்டும் கேளுங்கள். அடுத்து, ஒவ்வொரு விசைக்கும் ஆவணம் முழுவதையும் மறுபடி சோதிக்காமல் மாறிய பத்தியை மட்டும், விரல் நின்று கால் விநாடிக்குப் பிறகு சோதியுங்கள். பார்த்த சொற்களின் முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கர்சர் நிற்கும் சொல்லுக்குக் கோடு போடாதீர்கள், பாதி தட்டிய தமிழ்ச் சொல் எப்போதுமே தவறாகத்தான் தெரியும்.

சோதனையை வேறு த்ரெட்டுக்கு (செயலிக்குள்ளேயே இணையாக ஓடும் வேலை) மாற்றினால் ஒரே ஹன்ஸ்பெல் பொருளை இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. தொட்டால் எப்போதாவது ஒருமுறை செயலி விழும், காரணமே பிடிபடாது. பூட்டுப் போட்ட பிறகும் விழுந்தால் சி++ நினைவகப் பிழை தேடத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: பரிந்துரைகள் பொருத்தமே இல்லை

அஃப் கோப்பில் ட்ரை வரியில் தமிழ் எழுத்துகளும் குறிகளும் இருக்கின்றனவா? இல்லையென்றால் எழுத்தை மாற்றிப் பார்க்க ஹன்ஸ்பெல்லுக்கு வழி தெரியாது. மேப் வரிகளில் ல-ள-ழ, ர-ற, ந-ன-ண என்று கூட்டங்களைக் கொடுங்கள், பரிந்துரை அன்றைக்கே மாறும். "பல்லி", "பள்ளி" இரண்டுமே சரியான சொற்கள், அந்தக் குழப்பத்தை இந்தக் கருவி பிடிக்காது. கேட்பவர்களிடம் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

எலக்ட்ரான் (வலைத் தொழில்நுட்பத்தில் டெஸ்க்டாப் செயலி கட்டும் கருவி) செயலியில் கோடு இருந்தும் வலது கிளிக்கில் பரிந்துரையே இல்லையென்றால் அகராதியைத் தேட வேண்டாம். அந்த மெனுவை நீங்கள்தான் கட்ட வேண்டும், சொற்கள் கான்டெக்ஸ்ட் மெனு நிகழ்வோடு கூடவே வரும்.

அறிகுறி: அகராதியில் சேர்த்த சொல் மறுநாள் காணோம்

ஹன்ஸ்பெல்லின் சேர்ப்பு ஃபங்க்ஷன் நினைவகத்தில் மட்டும் சேர்க்கும். உங்கள் கோப்பில் எழுதி, தொடக்கத்தில் மறுபடி ஏற்றுவது உங்கள் வேலை. என்சான்ட் அதைத் தானே செய்துவிடும்.

சொல் இருக்கிறது, அதன் வடிவங்களுக்குக் கோடு வருகிறது என்றால், மாதிரிச் சொல்லோடு சேர்க்கும் ஃபங்க்ஷனைப் பயன்படுத்துங்கள். "செங்கம்" என்ற ஊர்ப்பெயரை "மரம்" போல என்று சேர்த்தால் "செங்கத்தை", "செங்கத்தில்" எல்லாம் உடனே சரியாகும். பயனரிடம் "இது எந்தச் சொல்லைப் போல வரும்?" என்று ஒரு சின்னப் பெட்டியில் கேட்டுவிடுங்கள். மெய்ப்பு மேசையில் அதற்கு ஒருவரும் தயங்கவில்லை, தமிழ் தெரிந்தவருக்கு அது எளிய கேள்வி.

அறிகுறி: என் கணினியில் ஓடுகிறது, அவர்கள் கணினியில் ஓடவில்லை

அகராதிக் கோப்புகள் தொகுப்பில் போயிருக்கின்றனவா? பைத்தான் நிரலைத் தொகுக்கும் பைஇன்ஸ்டாலர் அவற்றைத் தானாக எடுக்காது, சொல்லித்தான் சேர்க்க வேண்டும். ஒரே கோப்பாகத் தொகுத்தால் ஓடும்போது அவை தற்காலிக ஃபோல்டரில் இருக்கும், பாதையை அங்கிருந்து கட்டுங்கள். ஃப்ளாட்பேக் போன்ற அடைப்புக்குள் இருக்கும் செயலிக்கு வெளியே உள்ள அகராதி ஃபோல்டர் தெரியாது, உள்ளேயே வையுங்கள்.

விண்டோஸில் பயனர் பெயர் தமிழில் இருந்தால் பாதை உடையும். ஹன்ஸ்பெல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது: பாதையை யூடிஎஃப்-8 ஆகக் கொடுத்து, முன்னால் நீள்பாதை முன்னொட்டைச் சேர்க்க வேண்டும், அதாவது இரண்டு பின்சாய்வு, ஒரு கேள்விக்குறி, இன்னொரு பின்சாய்வு. என் கணினியில் பயனர் பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் இது எனக்கு வரவே இல்லை. இப்போது வெளியிடும் முன் தமிழ்ப் பெயரில் ஒரு பயனர் கணக்கைத் திறந்து அதில் ஒருமுறை நிறுவிப் பார்க்கிறேன்.

எலக்ட்ரான் செயலி விண்டோஸிலும் லினக்ஸிலும் அகராதியை இணையத்திலிருந்து இறக்கும். இணையம் அடைத்து வைத்த அலுவலகத்தில் அது வராது. பதிவிறக்க முகவரியை அவர்களுடைய உள் சர்வருக்கு மாற்றலாம். அந்த சர்வரைத் திறந்துவிட அங்கே இருக்கும் நெட்வொர்க் ஆள் வேண்டும், இங்கிருந்து நீங்கள் எழுதும் நிரல் அதைச் செய்யாது.